டெஸ்க்டாப் மாற்றும் குறுக்குவிசைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் என் வேலை கணக்கு எழுதுவது. கணினி பார்ப்பது அல்ல. ஆனால் என் திரையில் பேரேடு ஒரு பக்கமாகச் சறுக்கிப் போய், அந்த இடத்தில் மின்னஞ்சல் வந்து நிற்பதை ஒருநாள் பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வாரம் இரண்டு பேராவது வந்து கேட்கிறார்கள். அதே சந்தேகங்கள், அதே வரிசையில். வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

வெர்ச்சுவல் டெஸ்க்டாப்னா என்ன? உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கா?

இல்லை. கணினியும் ஒன்றுதான், திரையும் ஒன்றுதான். நீங்கள் திறந்து வைத்திருக்கும் விண்டோக்களைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தை மட்டும் காட்டுகிறது, அவ்வளவுதான். ஊர்த் திருவிழா நாடகத்தில் படுதா மாற்றுவார்களே, அந்த மாதிரி. மேடை அதேதான். அரண்மனைப் படுதா போய்க் காட்டுப் படுதா வரும். அரண்மனை எங்கேயும் போய்விடவில்லை, மேலே சுருட்டிக் கட்டியிருக்கிறது.

யோசனை ஒன்றும் புதிதில்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹென்டர்சன், ஸ்டூவர்ட் கார்டு என்ற இருவர் 1986-லேயே ‘ரூம்ஸ்’ என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார்கள். சின்னத் திரையில் விண்டோக்கள் இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

எந்தெந்தக் கீ அழுத்தணும்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இவை ஒன்றே. புது டெஸ்க்டாப் திறக்க விண்டோஸ் விசை + கன்ட்ரோல் + டி. வலப்பக்க டெஸ்க்டாப்புக்குப் போக விண்டோஸ் + கன்ட்ரோல் + வலது அம்பு, இடப்பக்கத்துக்கு இடது அம்பு. இப்போது இருக்கும் டெஸ்க்டாப்பை மூட விண்டோஸ் + கன்ட்ரோல் + எஃப்4. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க விண்டோஸ் + டேப்.

இந்த ஐந்தில் தினமும் கைக்கு வருவது அம்புக்குறி இரண்டும்தான். முதலில் அவற்றைப் பழகுங்கள். மேக், உபுண்டு (லினக்ஸ் வகைகளில் ஒன்று) வைத்திருப்பவர்களுக்கான பதில் கீழே தனியாக இருக்கிறது.

எங்க வீட்டுல பழைய விண்டோஸ் 7. அதுல வருமா?

வராது. விண்டோஸில் இது உள்ளமைந்தே வந்தது 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-இலிருந்துதான். அதற்கு முன் மைக்ரோசாஃப்டே தனியாக இறக்கிக்கொள்ளும் கருவிகளாகச் சிலவற்றைத் தந்தது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ‘டெஸ்க்டாப்ஸ்’ என்ற சிறு நிரல் அவற்றில் ஒன்று. நான்கு டெஸ்க்டாப் வரை தரும், ஆனால் ஒன்றில் திறந்த விண்டோவை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. இதற்காக மெனக்கெட வேண்டாம் என்பேன்.

நீங்க சொன்னதைத்தான் அழுத்துறேன். வேற என்னமோ நடக்குது.

என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். மூன்று விசையில் ஒன்று சரியாக அழுந்தவில்லை என்று அர்த்தம். என்ன நடந்தது என்று சொன்னால் எந்த விரல் தவறியது என்று சொல்லிவிடலாம். அம்புக்குறி அழுத்தியதும் விண்டோ திரையின் பாதிக்குப் போய் ஒட்டிக்கொண்டதா? கன்ட்ரோல் அழுந்தவில்லை. எழுத்துக்கு நடுவே கர்சர் மட்டும் ஒரு சொல் தாண்டிக் குதித்ததா? விண்டோஸ் விசை அழுந்தவில்லை.

டி அழுத்தும்போதும் இதே கதைதான். கன்ட்ரோல் தவறினால் எல்லா விண்டோவும் கீழே இறங்கி வெறும் திரை தெரியும். புது டெஸ்க்டாப் திறந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் அதிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். விண்டோஸ் + டி மறுபடி அழுத்தினால் எல்லாம் பழைய இடத்துக்கு வரும். விண்டோஸ் விசை தவறினால், உலாவியில் அந்தப் பக்கம் புத்தகக்குறியாகச் சேர்ந்துவிடும். அதனால் கேடில்லை. கவனமாக இருக்க வேண்டியது எஃப்4-இடம். விண்டோஸ் விசை தவறிவிட்டால் அது வெறும் கன்ட்ரோல் + எஃப்4, திறந்திருக்கும் தாவலோ கோப்போ மூடப்பட்டுவிடும். டெஸ்க்டாப்பை மூட நான் இந்த விசையைப் பயன்படுத்துவதே இல்லை. விண்டோஸ் + டேப் போட்டு அங்கே அந்த டெஸ்க்டாப்பின் சிறு படத்தின் மேல் உள்ள பெருக்கல் குறியைச் சொடுக்குகிறேன்.

இன்னொன்று. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அம்புக்குறிக்குப் பதில் மேலே இருக்கும் என்டரை அழுத்திவிட, கணினி திடீரென்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டது. வைரஸ் என்று பயந்து இணைய வயரையே பிடுங்கிவிட்டார். விண்டோஸ் + கன்ட்ரோல் + என்டர் என்பது பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் நரேட்டருக்கான விசை. அதையே மறுபடி அழுத்தினால் நின்றுவிடும்.

ரெண்டு டெஸ்க்டாப்லயும் அதே ஐகான்தான் தெரியுது. ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுல இருக்கும்ல?

இருக்காது! தயவுசெய்து அழிக்காதீர்கள். பிரிக்கப்படுவது திறந்திருக்கும் விண்டோக்கள் மட்டும். கோப்புகளும் ஐகான்களும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, எந்தப் படுதாவுக்கு முன்னால் நின்று பார்த்தாலும் தெரிகின்றன. ‘இது ரெண்டாவது காப்பிதானே’ என்று நினைத்து அழித்துவிட்டு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாமல் வந்ததால் பிழைத்தார்கள்.

டெஸ்க்டாப்பை மூடினா அதுல திறந்து வச்ச வேலை எல்லாம் போயிடுமா?

போகாது. அதில் திறந்திருந்த விண்டோக்கள் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்து சேரும். சேமிக்காத கோப்பும் அப்படியே திறந்த நிலையில் வரும். மூடியபின் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுவதைப் பார்க்கத்தான் மனது கேட்காது.

எத்தனை டெஸ்க்டாப் வச்சுக்கலாம்?

எத்தனை முடியும் என்பதைவிட எத்தனை நினைவிருக்கும் என்று கேளுங்கள். மேக்கில் 16 வரை திறக்கலாம். யாருக்கு வேண்டும் 16? ஆர்வக்கோளாறில் நானும் முதல் மாதம் எட்டு வைத்திருந்தேன். அம்புக்குறியைத் தட்டித் தட்டித் தேடுவதற்கே நேரம் போனது. இப்போது மூன்று. இடது ஓரம் மின்னஞ்சலும் அரட்டையும், நடுவில் அன்றைய வேலை, வலது ஓரம் எப்போதாவது பார்க்கும் பிடிஎஃப், வங்கிப் பக்கம் போன்றவை. இந்த இடங்களை மாற்றுவதே இல்லை. வீட்டில் இருட்டிலும் சுவிட்ச் எங்கே என்று கைக்குத் தெரியுமே, அந்தப் பழக்கம் வந்தால்தான் குறுக்குவிசையால் பலன். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேகமாக மாற்றுவது வேகமாகத் தொலைவதுதான்.

நடுவில் இருப்பதற்கும் காரணம் உண்டு. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரே தட்டுதான். விண்டோஸில் கடைசி டெஸ்க்டாப்பிலிருந்து மறுபடி வலது அம்பு அழுத்தினால் முதலாவதற்குச் சுற்றி வராது, அங்கேயே நிற்கும். அதையே நான் அடையாளமாக வைத்துக்கொள்கிறேன்: எங்கே இருக்கிறோம் என்று குழம்பினால் இடது அம்பை நாலு தட்டு தட்டுவேன், முதலாவதுக்கு வந்துவிடுவேன்.

பெயரும் வைக்கலாம். 2020 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. விண்டோஸ் + டேப் போட்டு, ‘டெஸ்க்டாப் 1’ என்ற எழுத்தின் மேல் சொடுக்கித் தட்டச்சிட்டால் போதும், தமிழிலும் வைக்கலாம். விண்டோஸ் 11-இல் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பின்னணிப் படம் வைக்கலாம். பெயரைவிட இதுவே உபயோகம், படம் மாறியதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒண்ணாவதுலேர்ந்து நேரா மூணாவதுக்கு ஒரே அழுத்துல போக முடியாதா?

விண்டோஸில் அதற்கென்று விசை இல்லை. விண்டோஸையும் கன்ட்ரோலையும் விடாமல் பிடித்துக்கொண்டு அம்பை இரண்டு முறை தட்டுங்கள், அரை நொடிதான். ஆட்டோஹாட்கீ போன்ற நிரல்களால் எண் விசைகளை அமைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தேவையான உள்வழிகளை மைக்ரோசாஃப்ட் முறையாக வெளியிடவில்லை. அதனால் பெரிய அப்டேட் ஒன்று வந்ததும் அவை படுத்துவிடுவது உண்டு. மூன்று டெஸ்க்டாப்புக்கு அந்தப் பாடு வேண்டாம்.

மேக்கில் வசதி உண்டு, ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். விசைப்பலகை அமைப்பில் குறுக்குவிசைகள் பகுதியில் மிஷன் கன்ட்ரோலுக்குக் (மேக்கின் மொத்தப் பார்வைக்கு அதுதான் பெயர்) கீழே ‘ஸ்விட்ச் டு டெஸ்க்டாப் 1’ என்று தொடங்கும் வரிகளில் டிக் செய்தால், கன்ட்ரோல் + 1, கன்ட்ரோல் + 2 என்று நேராகத் தாவலாம்.

திறந்த விண்டோவை இன்னொரு டெஸ்க்டாப்புக்குக் கீபோர்டுலயே தூக்கிட்டுப் போறது எப்படி?

விண்டோஸில் இருக்கும் பெரிய குறை இதுதான், நேரடி விசை கிடையாது. சுற்றுவழி ஒன்று உண்டு. விண்டோஸ் + டேப், அம்புக்குறியால் அந்த விண்டோவைத் தேர்ந்தெடுப்பது, ஷிஃப்ட் + எஃப்10, வரும் பட்டியலில் ‘மூவ் டு’, அதில் எந்த டெஸ்க்டாப் என்பது. படிக்கவே மூச்சு வாங்குகிறது இல்லையா? விண்டோஸ் + டேப் போட்டு மவுஸால் இழுத்து விடுவது சுலபம்.

மேக்கில் விண்டோவின் தலைப்புப் பட்டையை மவுஸால் பிடித்தபடியே கன்ட்ரோல் + அம்பு அழுத்தினால் விண்டோவும் கூடவே வரும். உபுண்டுவில் மாற்றும் விசையோடு ஷிஃப்ட்டைச் சேர்த்தாலே போதும். இந்த விஷயத்தில் மூவரில் அதுதான் கெட்டி.

வாட்ஸ்அப்பை மட்டும் எல்லா டெஸ்க்டாப்லயும் தெரியுற மாதிரி வைக்கலாமா?

வைக்கலாம். விண்டோஸ் + டேப் போட்டு வாட்ஸ்அப் விண்டோ மேல் வலது சொடுக்கு. ‘ஷோ திஸ் விண்டோ ஆன் ஆல் டெஸ்க்டாப்ஸ்’ என்றிருக்கும். மேக்கில் டாக்கில் உள்ள ஐகானில் வலது சொடுக்கி, ஆப்ஷன்ஸ், ஆல் டெஸ்க்டாப்ஸ். ஆனால் அரட்டை கண்ணில் படக்கூடாது என்றுதானே தனி டெஸ்க்டாப்பே திறந்தோம்? கால்குலேட்டருக்குச் செய்யுங்கள், நியாயம் இருக்கிறது.

ஆல்ட் டேப் போட்டா அந்த எக்செல் வரவே மாட்டேங்குது. மூடிட்டேனா?

மூடவில்லை, வேறு டெஸ்க்டாப்பில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் ஆல்ட் + டேப், கீழே உள்ள டாஸ்க்பார் இரண்டுமே இப்போது இருக்கும் டெஸ்க்டாப்பின் விண்டோக்களை மட்டுமே காட்டும். எக்செல்லை மறுபடி திறந்து, ‘கோப்பு ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது’ என்ற செய்தியைப் பார்த்து, யாரோ சர்வரில் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று மாடி மாடியாகக் கேட்டுவிட்டு வந்தவர் உண்டு. திறந்து வைத்திருந்தது அவரேதான்.

பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங் என்று போனால் டெஸ்க்டாப்ஸ் பகுதியில் டாஸ்க்பாருக்கும் ஆல்ட் + டேப்புக்கும் தனித்தனியாகக் கேட்கும். நான் ஆல்ட் + டேப்பை அப்படியே விட்டுவிட்டு டாஸ்க்பாரில் மட்டும் எல்லா டெஸ்க்டாப்பும் தெரியுமாறு வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டால் ‘காணாமல் போச்சு’ புகார் பெருமளவு குறைகிறது.

என்னோடது மேக். இதெல்லாம் எப்படி?

கன்ட்ரோல் + இடது அல்லது வலது அம்பு, இரண்டே விசை. மொத்தப் பார்வைக்குக் கன்ட்ரோல் + மேல் அம்பு. அங்கே வலது மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் புது டெஸ்க்டாப். ஆப்பிள் இதை 2007-இல் ‘ஸ்பேசஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது, 2011-இல் மிஷன் கன்ட்ரோலுக்குள் சேர்த்தது. பச்சைப் பொத்தானை அழுத்தி ஒரு நிரலை முழுத்திரை ஆக்கினால் அதுவும் தனி டெஸ்க்டாப் போல வரிசையில் வந்து உட்காரும்.

மேக்ல நான் வச்ச வரிசை தானா மாறிடுது. ஏன்?

கடைசியாகப் பயன்படுத்தியதை முன்னால் கொண்டுவரும் அமைப்பு ஒன்று தொடக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ‘ஆட்டோமேட்டிகலி ரீஅரேஞ்ச் ஸ்பேசஸ் பேஸ்ட் ஆன் மோஸ்ட் ரீசன்ட் யூஸ்’ என்ற நீளமான வரி, மிஷன் கன்ட்ரோல் அமைப்பில் இருக்கிறது. மேக் வாங்கிய அன்றே முதல் காரியமாக அதை அணையுங்கள். இடம் மாறாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிரே என்று மேலே எத்தனை டெஸ்க்டாப் என்ற கேள்வியில் சொன்னேன் அல்லவா, உதவி செய்கிறேன் என்று வந்து அதையே கெடுக்கிறது இது.

உபுண்டுல சில பேர் மேல-கீழ அம்புங்கிறாங்க, சில பேர் இடது-வலதுங்கிறாங்க. எது சரி?

இரண்டும் சரி, பதிப்பைப் பொறுத்தது. உபுண்டுவின் முகப்பான குனோமில் முன்பு டெஸ்க்டாப்கள் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தன. 2021 மார்ச்சில் வந்த குனோம் 40 அவற்றைப் பக்கவாட்டாக மாற்றியது. ஆகவே உபுண்டு 20.04-இல் கன்ட்ரோல் + ஆல்ட் + மேல், கீழ் அம்பு. 22.04-உம் அதற்குப் பின் வந்தவையும் கன்ட்ரோல் + ஆல்ட் + இடது, வலது அம்பு. சூப்பர் + பேஜ்அப், சூப்பர் + பேஜ்டவுன் எல்லாவற்றிலும் வேலை செய்யும். சூப்பர் என்பது விண்டோஸ் விசைக்கு அந்த வீட்டுப் பெயர். புது டெஸ்க்டாப் திறக்க விசையே தேவையில்லை, கடைசியில் எப்போதும் ஒரு காலி டெஸ்க்டாப் தயாராக இருக்கும்.

லினக்ஸில் குனோமுக்குப் பதில் கேடிஈ பிளாஸ்மா என்ற முகப்பை வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் + எஃப்1 முதல் எஃப்4 வரை அழுத்தி நேராகவே தாவலாம், அத்தனை டெஸ்க்டாப் அமைப்பில் சேர்த்திருந்தால்.

கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்திட்டேன். கறுப்புத் திரை, பாஸ்வேர்டு கேக்குது. எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. லினக்ஸில் அது வேறொரு பழைய ஏற்பாடு, வெறும் எழுத்துகளால் ஆன முனையம். கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்2 அழுத்துங்கள், திரும்பாவிட்டால் எஃப்1. விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். பயந்துபோய்ப் பவர் பட்டனை அழுத்தினால்தான் நிஜமாகவே வேலை போகும்.

உபுண்டு பழக்கத்துல விண்டோஸ்ல கன்ட்ரோல் ஆல்ட் கீழ் அம்பு அழுத்தினேன். திரை தலைகீழா நிக்குது!

இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள பழைய மடிக்கணினிகளில் நடப்பது இது. திரையைச் சுழற்ற அதே விசைகளை அந்த டிரைவர் எடுத்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு அழுத்தினால் நிமிர்ந்துவிடும். மடிக்கணினியையே கவிழ்த்து வைத்துக்கொண்டு மவுஸோடு போராடியவரைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கவில்லை, அன்றைக்கு.

எனக்கு ரெண்டு மானிட்டர். ஒண்ணு மட்டும் மாறி இன்னொண்ணு அப்படியே நிக்குமா?

விண்டோஸில் நிற்காது, இரண்டும் சேர்ந்தே மாறும். ஒரு விண்டோ மட்டும் நிற்க வேண்டுமென்றால் வாட்ஸ்அப்புக்குச் சொன்ன வழிதான். மேக்கில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி வரிசை, அம்பு அழுத்தினால் கர்சர் இருக்கும் திரை மட்டும் மாறும். உபுண்டுவில் பொதுவாக முதன்மைத் திரை மட்டும் மாறும், மற்றது நிற்கும். அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ரிமோட் டெஸ்க்டாப்ல போவேன். அதுவும் இதுவும் ஒண்ணா?

பெயரில் டெஸ்க்டாப் இருப்பதைத் தவிர ஒட்டு உறவு இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் என்பது வேறோர் இடத்தில் இருக்கும் நிஜமான கணினியை உங்கள் திரையில் பார்ப்பது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவையோ கணினிக்குள் இன்னொரு கணினியையே ஓட்டுபவை.

சிக்கல் இரண்டும் சேரும்போது வருகிறது. ரிமோட் திரை முழுத்திரையாக இருந்தால் வழக்கமான அமைப்பில் விண்டோஸ் + கன்ட்ரோல் + அம்பு அங்கே உள்ள கணினிக்குப் போய்விடும், இங்கே ஒன்றும் நகராது. கன்ட்ரோல் + ஆல்ட் + பிரேக் அழுத்தி முழுத்திரையிலிருந்து வெளியே வந்து, பிறகு மாற்றுங்கள்.

நாலு டெஸ்க்டாப் வச்சா கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகுமா?

டெஸ்க்டாப்பால் ஆகாது, அதில் திறந்து போட்டிருப்பதால் ஆகும். கண்ணுக்குத் தெரியாத டெஸ்க்டாப்பில் இருக்கும் 40 தாவல்களும் நினைவகத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும். இடம் இருக்கிறதே என்று மூடாமல் விடும் பழக்கம் வந்துவிடுகிறது. 4 ஜிபி ரேம் கணினியில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம்.

தமிழ்ல டைப் பண்ணிட்டிருக்கும்போது அழுத்தினா வேலை செய்யுமா?

செய்யும். அம்புக்குறிக்கு மொழி கிடையாது, தமிழ்99-ஓ அஞ்சலோ எந்த விசைப்பலகையாக இருந்தாலும் அம்பு அம்புதான். மொழி மாற்றும் விசையோடும் மோதாது: விண்டோஸில் அது விண்டோஸ் + ஸ்பேஸ், உபுண்டுவில் சூப்பர் + ஸ்பேஸ், மேக்கில் கன்ட்ரோல் + ஸ்பேஸ். மாறிப் போன இடத்தில் எந்த மொழி இருக்கிறது என்று மட்டும் தட்டச்சிடும் முன் ஒருமுறை பாருங்கள்.

மேனேஜர் வரும்போது சட்டுனு மாத்திட்டா தெரியாதுல்ல?

டாஸ்க்பாரில் எல்லா டெஸ்க்டாப்பும் தெரியுமாறு நான் சொன்னபடி வைத்திருந்தால், அங்கே பளிச்சென்று தெரியும். எந்த டெஸ்க்டாப்பில் நின்றாலும் அறிவிப்புகளும் வந்து எட்டிப் பார்க்கும். இது மறைவிடம் இல்லை, பூட்டும் இல்லை. எழுந்து போகும்போது விண்டோஸ் + எல் அழுத்திப் பூட்டிவிட்டுப் போங்கள். காணொளிக் கூட்டத்தில் முழுத் திரையையும் பகிர்ந்திருக்கும்போது டெஸ்க்டாப் மாற்றினால் அந்த மாற்றமும் சேர்ந்து எல்லாருக்கும் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

திரை சறுக்குறதைப் பார்த்தா தலை சுத்துது.

அசைவை நிறுத்திவிடலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போய் ‘அனிமேஷன் எஃபெக்ட்ஸ்’ அணைத்தால் சட்டென்று மாறும். மேக்கில் ஆக்சஸிபிலிட்டியில் ‘ரெட்யூஸ் மோஷன்’.

எங்க அம்மாவுக்கு மூணு விரலை ஒரே நேரத்துல அழுத்த வராது. அவங்க எப்படிப் பண்றது?

ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். அதன்பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், அம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, ஒரே விரலால் தட்டினாலே போதும். மடிக்கணினி என்றால் டச்பேடில் நான்கு விரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினாலும் மாறும். அதுவும் வராவிட்டால் டாஸ்க்பாரில் உள்ள டாஸ்க் வியூ ஐகானைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.